மெஷின் சரியாகச் சொல்லும் நாளிலும் ஸ்லைடு பார்க்க வேண்டும்

பொட்டாசியம் 14. கால்சியம் 2-க்கும் கீழே. திரையில் இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் எங்கள் லேபில் யாரும் பதறுவதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டும். 7-ஐத் தாண்டினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். 14 உள்ள ஒருவர் ரிப்போர்ட் வாங்க கவுன்டரில் வந்து நிற்க முடியாது. நடந்தது என்னவென்றால், ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ என்ற பொருளைப் போட்டிருப்பார்கள். அது பொட்டாசியம் கலந்த உப்பு. கால்சியத்தைக் கண்டால் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தம் எடுத்தவர், இன்னொரு டியூபில் அளவு போதவில்லை என்று ஊதா டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டார். டியூபில் இருந்ததை மெஷின் மிகச் சரியாகத்தான் அளந்திருக்கிறது. அந்த டியூப் எப்படி நிரம்பியது என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இது சுலபமான கேஸ். கால்சியம் இவ்வளவு குறைந்து பொட்டாசியம் இவ்வளவு ஏறினால் ரிசல்ட்டை நிறுத்து என்று மென்பொருளில் ஒரு விதி எழுதிவிட்டால் மெஷினே பிடித்துவிடும். கஷ்டமானது, துளி அளவு கலந்து வருவது. பொட்டாசியம் கொஞ்சம் கூடி 5.9, கால்சியம் கொஞ்சம் குறைந்து 7.8 என்று வரும். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு இதே இரண்டு எண்களும் நிஜமாகவே இருக்கலாம். அப்போது என்ன செய்வோம்? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்ப்போம், அது நார்மலாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைமையும் அளந்திருந்தால் அதையும் பார்ப்போம். அந்த என்சைம் வேலை செய்ய துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும், ஈடிடிஏ அவற்றையும் பிடித்துக்கொள்வதால் அதன் அளவு காரணமில்லாமல் சரிந்திருக்கும். பழைய ரிப்போர்ட்டைத் தேடுவோம். அப்புறம் வார்டுக்குப் போன் போட்டு, "சிஸ்டர், எந்த டியூபில் முதலில் எடுத்தீர்கள்?" என்று கேட்போம். இந்த ஒரு கேள்வி எந்த அல்காரிதத்தையும் விட வேகமாக வேலை செய்திருக்கிறது.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ரத்த அணுக்களைப் பார்க்கும் ஹீமட்டாலஜி பிரிவில் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மெஷின்களோடுதான் இருக்கிறேன். "எல்லாம் மெஷின் செய்கிறதே, உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்காத உறவினர் இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எல்லாத் தொழில்காரர்களையும் பார்த்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு தொழிலை வைத்து, விவரமாகப் பதில் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் மெஷினுக்கு உரிய மரியாதை. 1950-களுக்கு முன்னால் ரத்த அணுக்களை எண்ணுவது என்றால், நுணுக்கமாகக் கட்டம் கீறிய கண்ணாடியில் நீர்த்த ரத்தத்தை விட்டு, மைக்ரோஸ்கோப்பில் கட்டம் கட்டமாக எண்ணுவதுதான். வாலஸ் கோல்ட்டர் என்ற அமெரிக்கர் இதை மாற்றினார். மின்சாரம் ஓடும் திரவத்தில் ஒரு நுண்ணிய துளை வைத்து, அதன் வழியாக அணுக்களை ஒவ்வொன்றாகக் கடக்கவிட்டார். ஒரு அணு கடக்கும்போது மின்தடை ஒரு துள்ளு துள்ளும். துள்ளல்களை எண்ணினால் எண்ணிக்கை தெரியும், துள்ளலின் உயரத்தை அளந்தால் அணுவின் பருமன் தெரியும். 1953-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய மெஷின்கள் லேசரும் சாயமும் சேர்த்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டாலும் அந்த அடிப்படை இன்னும் பல மெஷின்களின் வயிற்றுக்குள் இருக்கிறது.

எண்ணுவதில் நாங்கள் அதற்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. நான் ஸ்லைடில், அதாவது ரத்தத்தை மெல்லிசாக இழுத்த கண்ணாடித் துண்டில், நூறு வெள்ளணுக்களை எண்ணி, அதில் ஒரு வகை 5 இருக்கிறது என்று எழுதினால், உண்மையான சதவீதம் ஏறத்தாழ 1-லிருந்து 12 வரை எதுவாகவும் இருக்கலாம். நூறு மட்டும் எண்ணினால் புள்ளியியல் அவ்வளவுதான் இடம் கொடுக்கும். மெஷின் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறது. சோர்வதில்லை. ராத்திரி மூன்று மணிக்கும் அதே கவனம். எண்ணும் வேலையைத் திரும்ப எங்களிடம் கொடுங்கள் என்று எந்த டெக்னீஷியனும் கேட்க மாட்டார். நானும் கேட்கவில்லை.

ஆனால் எண்ணுவதும் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதும் வேறு வேறு வேலை. இதை, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் மிக அதிகமாகப் பயமுறுத்தும் எண் அதுதான்.

நார்மல் என்பது ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை. ஒருவருக்கு 18,000 என்று மெஷின் அடித்துவிட்டது என்று வையுங்கள். எந்த டாக்டரும் அசந்துபோவார். ரத்தக் கசிவு வந்துவிடுமோ, பிளேட்லெட் ஏற்ற வேண்டுமோ, எலும்பு மஜ்ஜையைச் சோதிக்க வேண்டுமோ என்று யோசனை ஓடும். ஆனால் அந்த நோயாளியின் ஈறில் ரத்தம் இல்லை, தோலில் சிவப்புப் புள்ளி இல்லை, மனிதர் நன்றாக இருக்கிறார். இங்கேதான் ஸ்லைடு.

ஸ்லைடைச் சாயமிட்டு, முதலில் சின்ன லென்ஸில் வால் பக்கம் பார்க்க வேண்டும். இழுத்த ரத்தம் மெலிந்து முடியும் இடத்தை வால் என்போம். கனமானவையெல்லாம் அங்கே போய்த்தான் ஒதுங்கும். அங்கே ஊதா நிறத்தில் பொடிப் பொடியாக, இருபதும் முப்பதுமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும் பிளேட்லெட் திட்டுகள். சிலருடைய ரத்தத்தில் ஒரு ஆன்டிபாடி இருக்கிறது. ஈடிடிஏ கால்சியத்தை உறிஞ்சியதும் பிளேட்லெட்டின் மேற்பரப்பு மாறி, அந்த ஆன்டிபாடி அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இது உடம்புக்குள் நடப்பதில்லை, டியூபுக்குள் நடப்பது. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி இருக்கலாம். மெஷினுக்கோ முப்பது பிளேட்லெட் கொண்ட திட்டு ஒரே ஒரு பெரிய துகள். அதைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. சில நேரம் வெள்ளணு என்று வேறு எண்ணிவிடும்.

நீல மூடி டியூபில், அதாவது சிட்ரேட்டில், புதிதாக ரத்தம் எடுத்து ஓட்டினால் பெரும்பாலும் உண்மை வெளியே வந்துவிடும். சிட்ரேட் திரவமாக இருப்பதால் ரத்தம் பத்தில் ஒரு பங்கு நீர்த்திருக்கும். வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18,000 என்றது இரண்டு லட்சத்துக்கு மேல் வந்து நிற்கும். இப்படிப் பார்க்காமல் விட்டதால் தேவையில்லாமல் பிளேட்லெட் ஏற்றிக்கொண்டவர்கள், ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், மண்ணீரலையே எடுத்துக்கொண்டவர்கள் கதையெல்லாம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இப்போதைய மெஷின்கள் பலவும் "திட்டு இருக்கலாம்" என்று ஒரு ஃபிளாக் காட்டும். நல்ல விஷயம். ஆனால் திட்டு இருக்கும்போது காட்டாமலும் விடும், இல்லாதபோது காட்டவும் செய்யும்.

எந்த ரிசல்ட்டுக்கு மனிதக் கண் வேண்டும் என்று உலக அளவில் ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. 2005-ல் ஹீமட்டாலஜி ஆய்வகங்களின் சர்வதேச அமைப்பு வெளியிட்டது. மொத்தம் 41 விதிகள். 15 ஆய்வகங்களில் 13,298 சாம்பிள்களை வைத்துச் சோதித்தார்கள். கோளாறு இருந்தும் விதிகள் கண்டுகொள்ளாமல் விட்டவை மொத்த சாம்பிள்களில் 2.9 சதவீதம். உண்மையிலேயே நல்ல தொகுப்பு. அதை உட்கார்ந்து எழுதியவர்கள் பல்லாண்டு ஸ்லைடு பார்த்தவர்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அவர்களுடைய கண்தான் விதியாக மாறியது.

நான் சொல்ல வருவது அங்கேதான் இருக்கிறது. முடிவெடுக்கும் திறன் என்பது மனிதரிடம் பிறவியிலேயே இருக்கும் ஒரு சொத்து, மெஷின் மற்ற வேலைகளைச் செய்துகொள்ளட்டும், நாம் முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் பேசுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் திறன் எங்கிருந்து வந்தது? அந்த "மற்ற வேலை"யிலிருந்துதான் வந்தது. அலுப்பூட்டும், ஒரே மாதிரியான, கையை நோகடிக்கும் வேலையைச் செய்து செய்துதான் கண் பழகியது. வேலையை எடுத்துவிட்டு முடிவை மட்டும் கேட்டால், கொஞ்ச நாள் பழைய இருப்பிலிருந்து கொடுப்போம். அடுத்து வருகிற பிள்ளைகள் எதிலிருந்து கொடுப்பார்கள்?

ஸ்மியர் இழுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு ரத்தம், அதன் மேல் இன்னொரு ஸ்லைடைச் சாய்த்து வைத்து ஒரே இழுப்பு. சாய்வு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி. ரத்த சோகை உள்ளவரின் ரத்தம் தண்ணீராக ஓடும். சாய்வைக் கூட்ட வேண்டும். கெட்டியான ரத்தம் என்றால் குறைக்க வேண்டும். இழுத்துப் பழகியவருக்கு, ஹீமோகுளோபின் குறைவு என்பது திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிடும். சிலருடைய ரத்தம் குளிர்ந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது ஸ்லைடில் ரத்தம் வழவழவென்று படராமல் மணல் மணலாக நிற்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். மெஷினில் அதே சாம்பிள் சிவப்பணு எண்ணிக்கை படுகுறைவு, அணுவின் பருமன் மிக அதிகம், சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று சொல்லும் எம்சிஎச்சி நடக்கவே முடியாத அளவுக்கு உயர்வு என்று வரும். டியூபை 37 டிகிரியில் சூடுபடுத்தி உடனே ஓட்டினால் எண்கள் ஒழுங்குக்கு வரும். இழுத்தபோதே மணலைக் கண்டவர் அனலைசர் பழுது என்று சர்வீஸ் எஞ்சினியரைக் கூப்பிட்டுக்கொண்டு இருக்க மாட்டார். இப்போது ஸ்மியரையும் மெஷினே இழுத்து, சாயமிட்டு, காயவைத்துத் தருகிறது. அழகாகவே இழுக்கிறது. ஆனால் மணலைத் தொட்ட கை ஒன்று குறைந்துவிட்டது.

லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை. தானியங்கியாக்கும்போது சுலபமான வேலைகளை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, மெஷினால் முடியாத கடினமான தருணங்களை மட்டும் மனிதருக்கு விட்டுவைக்கிறோம். அந்தத் தருணத்துக்கு வேண்டிய பழக்கத்தையோ அன்றாட வேலையோடு சேர்த்து எடுத்துவிட்டோம் என்கிறார். மெஷின் எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அதைக் கவனிப்பவருக்குப் பயிற்சி குறைகிறது. நான் இதை முதலில் படித்தபோது எங்கள் லேபைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

சமீபத்தில் இதற்கு எண்ணிக்கையோடு ஒரு சான்று வந்தது. போலந்தில் நான்கு மையங்களில், பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்க்கும் மருத்துவர்களுக்கு, புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளைச் சுட்டிக்காட்டும் ஏஐ கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களையும் கொடுத்த பிறகான மூன்று மாதங்களையும் ஒப்பிட்டார்கள். அதிலும், ஏஐ இல்லாமல் செய்த சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முன்பு 28.4 சதவீதச் சோதனைகளில் கட்டியைக் கண்டுபிடித்தவர்கள், பிறகு 22.4 சதவீதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். 2025-ல் லான்செட் குழும இதழில் வெளிவந்தது. இது கவனித்துப் பதிவுசெய்த ஆய்வு என்பதால் ஏஐதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை, ஒவ்வொருவரும் இரண்டாயிரத்துக்கு மேல் சோதனை செய்தவர்கள். அனுபவசாலிக்கே இப்படி என்றால், படிப்பு முடித்த முதல் நாளிலிருந்தே ஏஐயோடு உட்காரும் பிள்ளையை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் புது மெஷின் வந்தவுடன் ஸ்லைடு பார்க்கும் விதிகளைத் தளர்த்தினார்கள். மெஷின் ஃபிளாக் காட்டினால் மட்டும் பாருங்கள், மற்றவை தானாகவே ரிலீஸ் ஆகட்டும் என்றார்கள். ஆட்களையும் குறைத்தார்கள். சில மாதங்களில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புதிதாக வந்தவர்கள் கோளாறுகளைத் தவறவிடுவார்கள் என்று பயந்தேன். அவர்களோ எதைப் பார்த்தாலும் கோளாறு என்றார்கள். சாதாரண வைரஸ் காய்ச்சலில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் உப்பி, ஓரம் நீலம் பாய்ந்து, பக்கத்துச் சிவப்பணுக்களை அணைத்துக்கொண்டு கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு ரத்தப் புற்று அணு என்று ஓடி வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சந்தேகமான ஸ்லைடுகளை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். நார்மல் எவ்வளவு அகலமானது, எத்தனை விதமாக இருக்கும் என்பதைக் காட்டும் ஆயிரக்கணக்கான சாதுவான ஸ்லைடுகள் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அவற்றையெல்லாம் மெஷின் வாசலிலேயே அனுப்பிவைத்துவிட்டது.

இதற்கு எதிர்முனையில் எங்கள் சீனியர் ஒருவர். எல்லாருக்கும் அவர் அக்கா. ஒரு மாலையில் வெள்ளணு மிகக் குறைவாக ஒரு சாம்பிள் வந்தது. அணுக்கள் குறைவாக இருக்கும்போது ஸ்லைடில் தேடித்தான் எண்ண வேண்டும், பொறுமை போய்விடும். அக்கா ஆயில் லென்ஸில் ஓரம் ஓரமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். ஷிப்ட் முடிந்து பையை எடுத்தவர்கள்கூட நின்று பார்த்தோம். ஸ்லைடின் விளிம்பில் ஒரே ஒரு அணு, உள்ளே கட்டுக் கட்டாகச் சிவந்த ஊசிகள். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, நேரே போனை எடுத்தார். அந்த ஊசிகள், அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்ற ஒரு வகை ரத்தப் புற்றின் அடையாளம். முதல் சில நாட்களிலேயே ரத்தக் கசிவினால் ஆளைக் கொண்டுபோய்விடலாம். ஆனால் ட்ரெட்டினாயின் என்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்கிவிட்டால் பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள். அதனால் மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனேயே மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள். சந்தேகம் வர வேண்டுமே! எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு அக்கா சொன்னது: "மற்ற அணுக்கள் எல்லாம் ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு. இவ்வளவு குறைஞ்சிருக்கிற ரத்தத்துல அவ்வளவு ஒழுங்கு எனக்குப் பிடிக்கல."

இந்த வாக்கியத்தை எந்த விதியாக எழுதுவது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

லேபுக்கு வெளியேயும் இதே விஷயம்தான். ஆஸ்திரேலியாவில் 2016 முதல் 2019 வரை அரசு உதவித்தொகை வாங்கியவர்களுக்குத் தானியங்கி முறையில் கடன் நோட்டீஸ் போனது. ரோபோடெட் என்று பெயரே விழுந்துவிட்டது. கணக்கு மிக எளிது: வரித்துறையிடம் உள்ள ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்தார் என்று வைத்துக்கொண்டார்கள். ஒருவர் முதல் ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கி, அடுத்த ஆறு மாதம் வேலைக்குப் போயிருந்தால்? கணக்குப்படி அவர் வருடம் முழுக்கச் சம்பாதித்துக்கொண்டே உதவியும் வாங்கியவர். திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்காரர். முன்பெல்லாம் வரித்துறைத் தகவலோடு பொருந்தாத கேஸ்களை ஊழியர்கள் விசாரித்துப் பார்ப்பார்கள். அந்த வேலையைத்தான் மிச்சம் பிடித்தார்கள். கடைசியில் 4,70,000 கடன்களைத் திருப்பித் தருவதாக அரசு 2020-ல் அறிவித்தது. அது நியாயமும் இல்லை சட்டப்படியும் இல்லை என்று 2023-ல் ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையம் சொல்லிவிட்டது. வகுத்தல் கணக்கில் பிழையே இல்லை. அந்த மனிதர் எந்த மாதம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் பிழை.

"அப்படியானால் மெஷின் முடிவை மனிதர் ஒருமுறை சரிபார்த்தால் போதுமே" என்பார்கள். அது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. நார்மன் மக்வொர்த் என்ற ஆய்வாளர், ரேடார் திரையைக் கவனிப்பவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்தார், 1948-ல் வெளியிட்டார். கடிகாரம் போன்ற ஒன்றில் முள் ஒவ்வொரு படியாக நகரும், எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். அதைக் கண்டால் பட்டனை அழுத்த வேண்டும். முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே தவறுகள் கூடிவிட்டன. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு மனித மூளை லாயக்கில்லை. இப்போது எங்கள் திரையில் மெஷின் அணுக்களைப் படம் பிடித்து, வகை பிரித்து, பெயரும் ஒட்டி வரிசையாக வைக்கிறது. நாங்கள் சரி, சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போக வேண்டும். பெயர் முதலிலேயே ஒட்டியிருந்தால் கண் அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் பார்க்கிறது. பொறுப்பு மட்டும் கையெழுத்துப் போட்டவருடையது.

அதனால் இப்போது இருக்கும் இடத்தில் சில ஏற்பாடுகளைப் பேசிப் பேசிச் செய்ய வைத்திருக்கிறோம். நிர்வாகத்தோடு வாக்குவாதம் இல்லாமல் இல்லை. ஸ்லைடு பார்க்கும் நேரம் அவர்கள் கணக்கில் வீண் நேரம். ஒவ்வொரு ஷிப்டிலும் ஃபிளாக் இல்லாத, தானாக ரிலீஸ் ஆன சாம்பிள்களிலிருந்து சிலவற்றை எடுத்து ஜூனியர்கள் கையால் இழுத்து, சாயமிட்டுப் பார்க்க வேண்டும். எதை எடுப்பது என்பதை மெஷின் தீர்மானிக்காது, அன்றைய சீனியர் தீர்மானிப்பார். அப்புறம், படங்களில் மெஷின் ஒட்டும் பெயரை, ஜூனியர் தன் எண்ணிக்கையைப் பதிவு செய்யும் வரை திரையில் மறைத்து வைக்கச் சொல்லிவிட்டோம். சர்வீஸ் எஞ்சினியர் முதலில் முடியாது என்றார், பிறகு செட்டிங்ஸில் அதற்கு வழி இருந்தது.

இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராதபோது ஸ்லைடைத் திரும்ப மைக்ரோஸ்கோப்பில் வைத்து இரண்டு பேராகப் பார்க்கிறோம். பல நேரம் மெஷின் சொன்னதுதான் சரியாக இருக்கிறது. சில நேரம் ஜூனியர் சொன்னது. எது சரி, ஏன் சரி என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். ஏன் என்ற பத்தியைக் காலியாக விட அக்கா யாரையும் விடுவதில்லை.